பாலிலிருந்து பதநீர் வரை: தெற்கே ஒரு சுற்று

திங்கள், ஸ்ரீவில்லிபுத்தூர்

தெற்குச் சீமையில் பேர்பெற்ற பண்டங்களையும் கைவேலைகளையும் அவை உருவாகிற இடத்திலேயே பார்க்க வேண்டும் என்பது நெடுநாள் ஆசை. கடையில் வாங்கும்போது பெட்டிமேல் ஊர்ப் பெயர் இருக்கிறது. அந்த ஊரில் யார் செய்கிறார்கள், எதை வைத்துச் செய்கிறார்கள் என்பதெல்லாம் பெட்டியில் இல்லை. அதைத் தெரிந்துகொள்ளத்தான் இந்தச் சுற்று. சித்திரை வெயிலில் கிளம்பியதற்கும் காரணம் உண்டு. கடைசியில் போகிற ஊரில் பதநீர் இறங்குகிற பருவம் இது. அன்றன்று பார்த்ததை அன்று ராத்திரியே எழுதிப் போடுகிறேன்.

ஆண்டாள் கோயிலைச் சுற்றி எந்தத் தெருவில் திரும்பினாலும் பால்கோவாக் கடைதான். நான் போனது ஒரு கடையின் பின்கட்டுக்கு. வரிசையாக அடுப்புகள், ஒவ்வொன்றின் மேலும் அகலமான இரும்புச் சட்டி. புளிய விறகு எரிகிறது. முந்திரிக்கொட்டைத் தோட்டையும் அள்ளிப் போடுகிறார்கள், அது நின்று எரியுமாம். சேர்மானம் இரண்டே இரண்டு: பசும்பால், சர்க்கரை. 10 லிட்டர் பாலுக்கு ஒன்றேகால் கிலோ சர்க்கரை என்பது இங்கே பொதுவான கணக்கு. இரண்டு மணி நேரத்துக்குமேல் கிண்டினால் மூன்றரைக் கிலோ அளவில் பால்கோவா கிடைக்கிறது.

கிண்டுகிற அண்ணனிடம் பேச்சுக் கொடுத்தேன். பால் சுண்டும்வரை நன்றாகப் பதில் சொன்னார். கட்டியாகத் தொடங்கியதும் பேச்சு நின்றுவிட்டது. நீண்ட துடுப்பால் சட்டியின் அடியைச் சுரண்டிச் சுரண்டி எடுக்கிறார், கண் சட்டியை விட்டு நகரவில்லை. விறகை வெளியே இழுத்துத் தணலில் மட்டும் சில நிமிடம் வைத்தார். அப்புறம் சட்டியை இறக்கிவிட்டுத்தான் என் பக்கம் திரும்பினார். “இப்ப பேசலாம் தம்பி. அந்த நேரத்துல பேசுனா அடிப்பிடிச்சிரும்.” சூட்டோடு கொஞ்சம் இலையில் வைத்துக் கொடுத்தார். மணல்மணலாக, லேசான புகை வாசத்தோடு இருந்தது. பெட்டியில் ஆறிக் கிடக்கும் பால்கோவாவில் அந்த வாசம் பாதிகூட இல்லை.

2019-ல் ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவுக்குப் புவிசார் குறியீடு, அதாவது ஊர்ப் பெயரை அந்த ஊர்ச் சரக்குக்கே உரியதாக்கும் பதிவு, கிடைத்தது. மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்து ஊர் என்பதால் மேய்ச்சலும் மாடும் உண்டு, பால் கூட்டுறவுச் சங்கமும் நடக்கிறது. இங்கே பால் இருக்கிறவரை தொழிலும் இருக்கும் என்ற தெம்போடு கிளம்பினேன்.

செவ்வாய், கோவில்பட்டி

சங்கரன்கோவில் சுற்றிக் கரிசல் காட்டு வழியே வந்தேன். வழியில் மானாவாரி நிலமெல்லாம் வெடித்துக் கிடக்கிறது. இந்த மண்ணில் விளைகிற நிலக்கடலைதான் கோவில்பட்டிக் கடலைமிட்டாய்க்கு ஆதாரம். மற்றது வெல்லம். தண்ணீர் தாமிரபரணியிலிருந்து வருவது.

பட்டறைக்குள் முதலில் தெரிவது அடுப்பு அல்ல, முறமும் சாக்குமாக உட்கார்ந்திருக்கும் பெண்கள். வறுத்த கடலையில் தோலை ஊதித் தள்ளி, சொத்தை, கருகல், கல் எல்லாவற்றையும் விரலாலேயே பொறுக்கித் தள்ளுகிறார்கள். அதில் ஒரு அக்கா நிமிராமலேயே சொன்னார்: “ஒரு கசந்த பருப்பு போதும், பூரா மிட்டாயும் கெட்ட பேரு வாங்கிரும்.” கூலி இந்தப் பொறுக்குகிற வேலைக்குத்தான் குறைவு என்றும் அவரே சொன்னார்.

அப்புறம் பாகு. கொதிக்கிற வெல்லப்பாகிலிருந்து ஒரு சொட்டு எடுத்துத் தண்ணீரில் விடுகிறார் மாஸ்டர். அது இளகி நின்றால் இன்னும் கொதிக்க வேண்டும். கையில் எடுத்து ஒடித்தால் ‘டக்’கென்று உடைய வேண்டும். உடைந்த மறு நொடியே கடலையைக் கொட்டிக் கிளறி, மரப்பலகையில் பரப்பி, உருளையால் தேய்த்துச் சமப்படுத்தி, ஆறுமுன்னே கத்தியால் கோடு கிழித்துவிடுகிறார்கள். இரண்டு நிமிடம் தாமதித்தால் பலகையிலேயே கல்லாகிவிடும். மேலே ரோஸ், மஞ்சள், பச்சை நிறத்தில் தேங்காய்த் துருவல் தூவுகிறார்கள். கோவில்பட்டி மிட்டாய்க்கு அதுதான் அடையாளம்.

இந்த மிட்டாய்க்கு 2020-ல் குறியீடு வந்தது. இதைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், இனி வரும் ஊர்களுக்கும் இது பொருந்தும். புவிசார் குறியீட்டுச் சட்டம் இயற்றப்பட்டது 1999-ல், நடைமுறைக்கு வந்தது 2003-ல். பதிவகம் சென்னையில் இருக்கிறது. குறியீடு பொதுவாக ஒரு சங்கத்தின் பேரில் பதிவாகும். தனித்தனியாகத் தொழில் செய்கிறவர்கள் அதைத் தங்கள் சரக்கில் போட வேண்டுமானால் அங்கீகரிக்கப்பட்ட பயனாளராகத் தாங்களும் பதிந்துகொள்ள வேண்டும். 10 ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கவும் வேண்டும். வேறு ஊர்க்காரர் ‘கோவில்பட்டி’ என்று போட்டு விற்பதைத் தடுக்க இது பயன்படும், அதில் சந்தேகமில்லை. ஆனால் பொறுக்குகிற அக்காவின் கூலி உயர வேண்டுமானால் அதை முதலாளி உயர்த்த வேண்டும். சட்டம் அந்த இடம் வரைக்கும் போகாது.

புதன், பத்தமடை

இன்று நிறைய எழுத வேண்டியிருக்கிறது.

திருநெல்வேலியிலிருந்து சேரன்மகாதேவி போகிற பாதையில் இருக்கிறது, கோரைப்பாய்க்குப் பேர்போன பத்தமடை. ரிஷிகேசத்தில் ஆசிரமம் அமைத்த சுவாமி சிவானந்தர் 1887-ல் பிறந்த ஊர். பாய் நெய்கிறவர்கள் பெரும்பாலும் லெப்பை முஸ்லிம் குடும்பங்கள், அதிலும் தறியில் உட்காருவது பெண்கள். வீட்டுத் தாழ்வாரம்தான் பட்டறை. தெருவில் நடந்தால் தறி இருப்பதே தெரியாது.

எனக்குத் தெரிந்தவர் ஒருவர் மூலமாக ஒரு பெரியம்மா வீட்டுக்குப் போனேன். “வெயில்ல வந்திருக்கீய, மொதல்ல உக்காருங்க” என்று மோர் கொடுத்துவிட்டு, நெய்து முடித்த பட்டுப்பாய் ஒன்றைக் கொண்டுவந்து கையில் வைத்தார். கைக்குட்டை மாதிரி மடிகிறது. கோரைப்புல் என்று சொன்னால் நம்ப முடியவில்லை. விரலால் தடவினால் வழுக்குகிறது, வெளிச்சத்தில் பிடித்தால் மினுங்குகிறது.

இது எப்படி வருகிறது என்று ஆதியிலிருந்து சொன்னார். ஆற்றங்கரையிலும் வாய்க்கால் ஓரத்திலும் வளர்கிற கோரையைப் பச்சையாக இருக்கும்போதே அறுக்க வேண்டும். கீறி, தண்டுக்கு உள்ளே மெத்தென்று இருக்கும் சோற்றை வழித்து எடுத்துவிட்டு, வெயிலில் காயப்போட வேண்டும். அந்த நேரத்தில் ஒரு தூறல் விழுந்தாலும் கறுத்துப்போகும். காய்ந்ததைக் கட்டாகக் கட்டி, ஓடுகிற தண்ணீரில் ஒரு வாரம்வரை ஊறப்போட வேண்டும். தேங்கின தண்ணீர் ஆகாது. ஊறிய கோரை மூன்று மடங்கு பருத்துவிடும். மறுபடி காயவைத்து, அப்புறம் இழை இழையாகப் பிளக்கிறார்கள். மட்டமான பாய்க்கு இதில் பாதிப் பாடு போதும். பட்டுப்பாய்க்குப் பிளந்ததையே மீண்டும் பிளக்க வேண்டும். நூறு, நூற்றிருபது, நூற்று நாற்பது என்று நுணுக்கத்துக்கு ஏற்ப எண் சொல்கிறார்கள். எண் ஏற ஏற இழை மெலியும், நாள் கூடும். நல்ல பாய் ஒன்றுக்கு மாதக்கணக்கில் ஆகிறது.

தறி தரையோடு தரையாகப் படுத்திருக்கிறது. நீளவாட்டில் இழுத்துக் கட்டிய பாவு பருத்தி நூல். குறுக்கே போகிற ஊடை கோரை. துணித் தறியில் நாடா ஓடுவதுபோல இங்கே எதுவும் ஓடாது. நீளமான குச்சியின் நுனியில் ஒரே ஒரு கோரை இழையைச் சிக்கவைத்து, பாவின் ஊடாக அந்தப் பக்கம் தள்ளி, எடுத்து, நுனியை மடக்கி, அச்சை இழுத்து இறுக்குகிறார். அடுத்த இழை. அடுத்த இழை. இருபது நிமிடம் பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்தேன். பாய் ஒரு விரல்கடை அகலம்கூட ஏறவில்லை.

அந்த இருபது நிமிடத்தில் இரண்டு முறை ஓர் இழையை உருவி எறிந்தார். ஏன் என்று கேட்டேன். “நெறம் ஒட்டல பாத்தீயளா?” என்று காட்டினார். எனக்கு இரண்டும் ஒன்றாகத்தான் தெரிந்தது. ஜன்னல் பக்கம் கொண்டுபோய்ப் பார்த்தபோது ஒன்றில் லேசாகப் பச்சை ஏறியிருந்தது.

எலிசபெத் ராணியின் 1953 முடிசூட்டு விழாவுக்குப் பத்தமடைப் பாய் அனுப்பப்பட்டதை ஊரில் எல்லாருமே பெருமையாகச் சொல்கிறார்கள். கல்யாணத்துக்கு மணமக்கள் பெயர் நெய்து தருவதும் நடக்கிறது. பெயர் எழுதுவது இவர்களுக்குப் பெரிய வேலையே இல்லை. தாளில் எழுதிக் கொடுத்தால் இழையை எண்ணியே எழுத்தைக் கொண்டுவந்துவிடுகிறார்கள். முன்பு சப்பங்கக் கட்டையிலிருந்து சாயம் எடுத்திருக்கிறார்கள், இப்போது பெரும்பாலும் கடைச் சாயம். குறியீடும் வாங்கியாயிற்று.

நான் கேட்க நினைத்த கேள்வியைப் பெரியம்மாவே எடுத்தார். “நெய்ய ஆளில்லன்னு எல்லாரும் எழுதுதாவ. எம்பொண்ணு நெய்வா, எம்மருமவளும் நெய்வா. கோரை எங்க இருக்கு? அத அறுத்து, கீறி, ஆத்துல போட்டு எடுத்துத் தாரதுக்கு யாரு இருக்கா?”

இந்தக் கேள்வி எனக்குப் புதிது. பத்தமடை என்றாலே தறியில் உட்கார்ந்த பெண்ணின் படத்தைத்தான் பார்த்திருக்கிறோம். அவர் கைக்கு இழை வந்து சேர்வதற்கு முன் நடக்கிற வேலையை யாரும் படம் எடுப்பதில்லை. சேற்றில் இறங்கி அறுக்கிற வேலை அது, முள்ளும் வெயிலும் நிறைந்தது. அதைச் செய்தவர்களுக்குப் ‘பாய்க்காரர்’ என்ற பெயர்கூடக் கிடைக்கவில்லை. நூறு நாள் வேலையோ டவுனில் கட்டட வேலையோ கிடைத்தால் போய்விடுகிறார்கள், அவர்களைக் குறை சொல்ல முடியுமா? சும்மா கிடைக்கும் புல் என்று நினைத்தே கோரைக்கு விலை வைக்காமல் விட்டிருக்கிறோம். பிளாஸ்டிக் பாயை மட்டும் எதிரி என்று சொல்லிக்கொண்டிருப்பதில் பிரயோஜனம் இல்லை என்று எனக்குப் படுகிறது. முசிறி, கரூர் பக்கம் கோரையை வயலிலேயே பயிராகப் போடுகிறார்கள். தாமிரபரணிக் கரையிலும் அப்படிப் பயிரிட்டு, பக்குவப்படுத்துகிறவருக்கு நெய்கிறவருக்கு இணையான கூலி வைத்தால், பெரியம்மாவின் தறி நிற்காது.

வியாழன், காருக்குறிச்சி, கல்லிடைக்குறிச்சி, அம்பாசமுத்திரம்

பக்கத்துப் பக்கத்து ஊர்கள், இருந்தாலும் ஒரே நாளில் பார்த்தது குறைவுதான்.

காருக்குறிச்சி என்றதும் நாதஸ்வரம் ஞாபகம் வரும். அருணாசலத்தின் ஊர். எனக்கு இன்று அங்கே வேலை மண்பானையில். சக்கரத்தில் வனைந்து இறக்கிய பானையின் அடி திறந்தேதான் இருக்கும். அரைகுறையாகக் காய்ந்ததும் உள்ளே ஒரு கல்லை அணைகொடுத்து, வெளியே மரப்பலகையால் தட்டித் தட்டி அடியை மூடுகிறார்கள். அந்தத் தட்டுகிற சத்தம் தெருமுனையிலேயே கேட்கிறது. இங்கேயும் பேச்சு மூலப்பொருளில்தான் போய் நின்றது: மண். குளத்து மண் எடுக்க அலைந்த கதையைப் பெரியவர் ஒருவர் ஆதங்கத்தோடு சொன்னார். 2024-க்குப் பிறகு வட்டாட்சியர் மட்டத்திலேயே அனுமதி வாங்கலாம் என்று விதியை எளிதாக்கியிருக்கிறார்கள். அவர் முகத்தில் கொஞ்சம் நிம்மதி தெரிந்தது.

கல்லிடைக்குறிச்சியில் அப்பளம். உளுந்து மாவில் பிரண்டைச் சாறும் காரமும் சேர்த்துப் பிசைந்து, உலக்கையால் இடித்துத் தருகிறார்கள். பெண்கள் அதை வீட்டுக்குக் கொண்டுபோய் உருட்டித் தேய்த்துத் திருப்பிக் கொடுக்கிறார்கள். எண்ணிக்கைக்குத்தான் கூலி. ஒரு வீட்டில் பாட்டியும் பேத்தியும் எதிரெதிரே உட்கார்ந்து தேய்த்துக்கொண்டிருந்தார்கள். பேத்தி வேகம், பாட்டியின் அப்பளம் வட்டம்.

அம்பாசமுத்திரத்தில் மரச்சொப்பு, பிள்ளைகள் விளையாடுகிற சாமான். குட்டி அம்மி, குட்டி உரல், குட்டி அடுப்பு எல்லாம் கடைசலில் உருவாகின்றன. மரத்தைச் சுழலவிட்டு, அரக்குக் குச்சியை அழுத்திப் பிடிக்கிறார். உரசுகிற சூட்டிலேயே அரக்கு உருகி மரத்தில் சிவப்பும் மஞ்சளுமாகப் படிகிறது. முன்பு மஞ்சக்கடம்பு மரத்தில் செய்திருக்கிறார்கள். இப்போது கிடைக்கிற மரத்தில் செய்கிறார்கள்.

வெள்ளி, உடன்குடி

விடியுமுன்னே வந்து சேர வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். வந்தது நல்லதாகப் போயிற்று.

குதிரைமொழித் தேரி இந்தப் பக்கம்தான். செக்கச்செவேலென்று மணல்மேடு, அதில் கண்ணுக்கெட்டிய தூரம் பனை. ஆற்றுத் தண்ணீர், வாய்க்கால் எதுவும் கேட்காத மரம். அண்ணாச்சி ஒருவர் காலில் தளைநாரை மாட்டி, இடுப்பில் அரிவாள்பெட்டியைக் கட்டிக்கொண்டு ஏறினார். நான் பத்து எண்ணுவதற்குள் மட்டைக்குள் மறைந்துவிட்டார்.

மேலே அவர் செய்கிற வேலை கீழே நிற்பவர் கண்ணுக்குத் தெரியாது. இறங்கி வந்து விளக்கினார். பாளை வந்ததும் கடிப்பு என்கிற இடுக்கிக் கருவியால் பதமாக இடுக்கி நசுக்க வேண்டும். ஆண்பனைக்கு ஒரு கடிப்பு, பெண்பனைக்கு வேறு. அதன்பிறகு தினம் காலையும் மாலையும் பாளை நுனியை மெல்லிசாகச் சீவ வேண்டும், அப்போதுதான் ஊறும். ஒருநாள் விட்டாலும் நுனி அடைத்துக்கொள்ளும். அதனால் பருவம் முழுக்கக் கல்யாணம், காய்ச்சல் எதுவானாலும் ஏறியே ஆக வேண்டும். கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு தடவுகிறார்கள். சுண்ணாம்பு இருந்தால் பதநீர், இல்லாவிட்டால் புளித்துக் கள்ளாகிவிடும்.

இறக்கிய பதநீர் நேரே விடிலிக்குப் போகிறது. பனையோலை வேய்ந்த குடிசை அது. உள்ளே அண்ணாச்சியின் வீட்டம்மா ராஜ்யம். காய்ந்த மட்டையும் ஓலையும்தான் விறகு, ஆக எரிப்பதும் பனை, காய்ச்சுவதும் பனை. வாயகன்ற சட்டியில் பதநீர் பொங்கி விளிம்புக்கு ஏறும்போது, நசுக்கிய ஆமணக்கு விதையைக் கொஞ்சம் போட்டார், நுரை அப்படியே அடங்கியது. மூன்று மணி நேரம் போல ஆயிற்று. வெள்ளையாக இருந்தது மஞ்சளாகி, தவிட்டு நிறமாகி, கடைசியில் கொப்புளம் பெரிதாகித் தப்தப்பென்று வெடிக்கத் தொடங்கியது. இறக்கி வைத்து, துடுப்பால் கடைந்துகொண்டே இருந்தார். “இப்பவே ஊத்துனா ஒறையாது. ரொம்பக் கடைஞ்சா சட்டியிலயே ஒறைஞ்சிரும்” என்றார். தண்ணீரில் நனைத்த தேங்காய்ச் சிரட்டைகள் மணலில் வரிசையாகக் காத்திருந்தன. ஊற்றி, கொஞ்ச நேரத்தில் கவிழ்த்துத் தட்டினால் கருப்பட்டி.

8 முதல் 10 லிட்டர் பதநீர் போனால்தான் ஒரு கிலோ கருப்பட்டி. இத்தனை மரம் ஏறி, இத்தனை நேரம் புகையில் நின்று எடுத்ததோடு, சந்தையில் சர்க்கரையைக் காய்ச்சி ஊற்றிய கருப்பட்டி போட்டி போடுகிறது. 2023-ல் உடன்குடி பனங்கருப்பட்டிக்குக் குறியீடு கிடைத்தும் கலப்படம் நிற்கவில்லை. வீட்டம்மா ஒரு கருப்பட்டியை உடைத்துக் காட்டினார். உள்ளே மங்கலான பழுப்பு. சர்க்கரை கலந்ததை உடைத்தால் உள்ளே பளபளவென்று மின்னும் என்றார். வாயில் போட்டால் நல்லதில் இனிப்போடு லேசாக ஒரு கரிப்பும் வரும். மழைக்காலத்தில் இளகி ஈரம் விடுவதும் நல்லதற்கு அடையாளம்தான். அந்தக் காலத்தில் ஓலைப்பெட்டியில் போட்டு அடுப்புக்கு மேலே புகை படும்படி வைத்ததன் காரணம் அது.

அண்ணாச்சிக்கு இரண்டு பையன்கள், இருவரும் வெளியூரில் வேலை. “அவன்கள ஏறச் சொல்ல மாட்டேன். விழுந்தா யாரு பாப்பா?” என்றார். விழுந்து முடமானவர்கள் இரண்டு பேரின் கதையைச் சொன்னார், அதை இங்கே எழுத மனம் வரவில்லை. பனை நம் மாநில மரம். அதை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்று அரசு அறிவித்திருப்பது மிக நல்ல காரியம். மரத்தைக் காப்பாற்றிவிட்டோம் என்றே வைத்துக்கொள்வோம். ஏறுகிறவருக்குக் காப்பீடும், பருவம் இல்லாத மாதங்களுக்கு ஒரு வருமானமும் இல்லாவிட்டால், தேரி முழுக்கப் பனை நிற்கும், கலயம் கட்ட ஆள் இருக்காது. பத்தமடைப் பெரியம்மா கேட்டது இதைத்தான், அங்கே கோரை, இங்கே பதநீர்.

சனி, மணப்பாடு

உடன்குடியிலிருந்து கொஞ்ச தூரம்தான். கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் மணல்குன்று, அதன்மேல் திருச்சிலுவைக் கோயில். 1542-ல் முத்துக்குளித்துறைக்கு வந்த பிரான்சிஸ் சவேரியார் தங்கியதாகச் சொல்லும் குகை கீழே இருக்கிறது.

இங்கே பெண்களின் கூட்டுறவுச் சங்கம் ஒன்று பல காலமாகப் பனையோலைப் பொருள்கள் செய்கிறது. குருத்தோலையைக் காயவைத்து, ஈர்க்கு நீக்கி, ஒரே அகலத்தில் கிழித்து, சாயத் தண்ணீரில் கொதிக்கவிட்டு எடுக்கிறார்கள். பெட்டி, கூடை, தட்டு, மூடி போட்ட சின்னச் செப்பு. வேலை பண்ணுகிற ஒருவர் மூடியின் விளிம்பை முடிப்பதைப் பக்கத்தில் இருந்து பார்த்தேன். ஓலை நுனியை ஊசிபோல் சீவி, மூன்று கண்ணுக்கு முன்னால் செருகி, மீதியை உள்ளுக்குள்ளேயே வெட்டிவிடுகிறார். முடிந்த இடம் எது என்று நமக்குத் தெரியாது.

எனக்குப் பிடித்தது இன்னொன்றும் உண்டு. சரக்கு சங்கத்தின் வழியாகப் போவதால், செய்தவர் பெயருக்கு எத்தனை உருப்படி என்று கணக்கு இருக்கிறது. பத்தமடைக் கோரைக்காரருக்கும் கோவில்பட்டி அக்காவுக்கும் இப்படி ஒரு கணக்கு வைக்க முடியும், அது பெரிய வித்தை இல்லை. குருத்தோலை வெட்டித் தருகிறவரையும் சங்கத்தில் சேர்க்கலாமே என்று கேட்டுப் பார்த்தேன். நல்ல யோசனைதான், கூட்டத்தில் பேசுவோம் என்றார்கள்.

போக நினைப்பவர்களுக்குச் சில தகவல். பதநீர் பங்குனி வாக்கில் தொடங்கி ஆடி வரைக்கும் இருக்கும். விடிலிக்குக் காலையிலேயே போய்விடுங்கள், வெயில் ஏறுவதற்குள் காய்ச்சி முடித்துவிடுவார்கள். பத்தமடையில் பட்டுப்பாய் வேண்டுமென்றால் முன்பணம் கொடுத்துச் சொல்லி வைக்க வேண்டும், அவசரப்படுத்தக் கூடாது. நெய்து வாங்கும்போது கோரைக்கு எவ்வளவு, பிளந்தவருக்கு எவ்வளவு, நெய்தவருக்கு எவ்வளவு என்று கேளுங்கள். பெரியம்மா மறைக்காமல் சொல்வார். கேட்டால் அவருக்குச் சந்தோஷம்தான்.